தலைமை ஆசிரியர் அறையில் இரண்டாவது நாற்காலி

தமிழ்நாட்டில் ஓர் ஆசிரியர் தலைமை ஆசிரியர் ஆவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பணிமூப்பு, துறைத் தேர்வு என்று பதில் சட்டென்று வந்துவிடும். துறைத் தேர்வுகளை டிஎன்பிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் டிசம்பரிலும் நடத்துகிறது. விதிகள், அலுவலக நடைமுறை, கணக்கு எல்லாம் அதில் உண்டு. நானும் எழுதித் தேறினேன். படித்தது வீண்போகவில்லை, எந்தப் பதிவேடு எதற்கு என்பது தெரிந்தது. ஆனால் காலை எட்டே முக்காலுக்கு மூன்று ஆசிரியர்கள் வரவில்லை, சத்துணவுக்கு முட்டை குறைகிறது, டிசி கேட்டு ஒரு அப்பா வாசலில் நிற்கிறார், பத்து மணிக்குள் ஏதோ ஒரு விவரம் கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளமான எமிஸில் ஏற வேண்டும் என்றால் முதலில் எதைத் தொடுவது என்று எந்தத் தேர்வும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர் திங்கட்கிழமை காலையில் சாவிக்கொத்தோடு அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார். நம் பக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

எனக்கு அப்படி நடக்காமல் போனது அதிர்ஷ்டம்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் ஏராளம். ஒரே நிர்வாகத்தின் கீழ் பல பள்ளிகள் இருக்கும். தலைமை ஆசிரியர்களும் அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களிலிருந்தே வருவார்கள். கல்குளம் வட்டத்தில் அப்படியொரு பள்ளியில்தான் நான் இருந்தேன். அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் பதவிக்கு வரப்போகும் மூத்த ஆசிரியர்கள் சிலரை, அதே நிர்வாகத்தின் வேறு பள்ளிகளில், அனுபவமுள்ள தலைமை ஆசிரியர்களோடு ஒரு கல்வியாண்டு உட்கார வைப்பது என்று எங்கள் நிர்வாகம் முடிவு செய்தது. வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மீதி நாள் சொந்தப் பள்ளியில் வகுப்பு. நிர்வாகப் பயிற்சி என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

வேறு பள்ளிக்கு அனுப்பியது நல்ல யோசனை. சொந்தப் பள்ளியில் நம்மோடு பல வருடம் டீ குடித்தவர்கள் இருப்பார்கள். ஹெச்.எம். அறையில் போய் உட்கார்ந்தால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். ஸ்டாஃப் ரூமில் பேச்சு நின்றுபோகும். தெரியாத பள்ளியில் அந்தத் தொல்லை இல்லை. அதோடு, ஒரு பள்ளியின் வழக்கங்களை வெளியாளாகப் பார்க்கும்போதுதான் ‘இதை ஏன் இப்படிச் செய்கிறார்கள்’ என்ற கேள்வியே நமக்குள் எழுகிறது.

நான் போன பள்ளி கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே. பிள்ளைகளில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் உள்ளூரில் கூலி வேலைக்கும் முந்திரி ஆலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். அங்கிருந்த ஹெச்.எம். சார் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அதிகம் பேசமாட்டார். முதல் வாரம் எனக்கு ஒரே ஒரு வேலைதான் தந்தார். “டீச்சர், காலைல எட்டே முக்கால்ல இருந்து பத்தரை வரைக்கும் இந்த ரூமுக்குள்ள யார் வர்றா, எதுக்கு வர்றா, எவ்வளவு நேரம் நிக்கிறா, எல்லாத்தையும் எழுதுங்க. கடைசி கட்டத்துல, இத வேற யார் முடிச்சிருக்கலாம்னு உங்களுக்குத் தோணுதோ அதையும் எழுதுங்க.”

ஒரு நீளமான நோட்டில் கோடு போட்டு எழுதினேன். பஸ் பாஸ் படிவத்தில் கையெழுத்து. வங்கிக் கணக்கில் உதவித்தொகை ஏறவில்லை என்று ஒரு அம்மா. கழிப்பறைத் தண்ணீர்க் குழாய். விளையாட்டு ஆசிரியருக்கு மறுநாள் சி.எல். வேண்டும். பழைய மாணவர் ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு. இரண்டு பையன்களுக்குள் அடிதடி. திருப்பலிக்கு ஒலிபெருக்கி இரவல் கேட்டு ஒரு ஆள். வெள்ளிக்கிழமை மாலை நோட்டை இருவரும் சேர்ந்து வாசித்தோம். வந்தவர்களில் பாதிக்கு மேல் அந்த அறைக்கு வந்திருக்கவே வேண்டாம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அடுத்த வாரமே பஸ் பாஸ் வேலை முழுவதும் கிளார்க் அண்ணனிடம் போனது. உதவித்தொகை விசாரணைக்கு ஒரு ஆசிரியையையும் வாரத்தில் ஒரு மதிய நேரத்தையும் ஒதுக்கினார். அடிதடிப் பையன்களை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். “அவனுவ ரெண்டு பேரும் ஒரே தெரு. இங்க தீரலன்னா அது ராத்திரி ஊருக்குள்ள போவும்” என்றார். எந்தக் காரியம் தன் மேசைக்கு வர வேண்டும், எது வரக் கூடாது என்பதை ஒருவர் எப்படிப் பிரிக்கிறார் என்று நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். பயிற்சிக்குப் போகிற யாராக இருந்தாலும் முதல் வாரம் இதைச் செய்யுங்கள். யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களாகவே செய்யுங்கள்.

ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில் புதிதாக ஒன்றும் ஏறாது. என்னோடு அதே வருடம் பயிற்சிக்குப் போன இன்னொரு ஆசிரியர் வருட முழுக்க எமிஸில் விவரம் ஏற்றுவதும், சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டு போவதுமாகவே இருந்தார். நல்ல திறமைசாலி. கல்வியாண்டு முடிவில் அவரிடம் கேட்டால், எமிஸில் எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரு முடிவுகூட எடுத்திருக்கவில்லை. இது அவர் குறை இல்லை. பள்ளிக்கு ஒரு கை கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்தது வேறு. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் ஹெச்.எம். சார் பத்தாம் வகுப்பு பெயர்ப் பட்டியல் கோப்பை என் பக்கம் தள்ளினார். பொதுத் தேர்வு எழுதப் போகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பயிற்று மொழி, புகைப்படம் எல்லாம் சரிபார்த்து அனுப்பும் வேலை. “தொடக்கத்துல இருந்து அனுப்புறது வரைக்கும் உங்க வேலை. எப்படிச் செய்யணும்னு நீங்களே தீர்மானிங்க. கையெழுத்து என்னுது, அதனால கடைசியா ஒரு தடவை நான் பாப்பேன்” என்றார்.

வெளியிலிருந்து பார்த்தால் இது எழுத்தர் வேலை போலத் தோன்றும். மதிப்பெண் சான்றிதழில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகப் போவது இந்தப் பெயர்தான். பாஸ்போர்ட், கல்லூரி, வெளிநாட்டு வேலை என்று அந்தப் பிள்ளை போகிற இடமெல்லாம் இது கூடவே போகும். சான்றிதழ் வந்த பிறகு ஓர் எழுத்தைத் திருத்த, பள்ளிக்கும் கல்வி அலுவலகத்துக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும் குடும்பம் அலைய வேண்டும். வளைகுடாவுக்கும் கப்பல் வேலைக்கும் ஆட்கள் போகிற எங்கள் மாவட்டத்தில் இந்த அலைச்சலைத் தெரியாத தெரு கிடையாது.

கடற்கரைப் பிள்ளைகளின் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் இரண்டும் சேர்ந்து ஒன்று. ஆதாரில் எடுத்தவர் காதில் விழுந்தபடி ஓர் எழுத்துக்கூட்டல். முதலெழுத்து சில இடங்களில் அப்பா பெயர் மட்டும், சில இடங்களில் தாத்தா பெயரும் சேர்ந்து. வகுப்பாசிரியர் வழியாகப் படிவம் கொடுத்து அனுப்பி, பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்வதுதான் வழக்கம். அப்படி வரும் படிவங்களில் பல, பிள்ளையே பூர்த்தி செய்து அம்மா கையெழுத்து மட்டும் போட்டவை.

ஒரு அம்மா மட்டும் நேரில் வந்தார். காலை வியாபாரம் முடித்து, மீன் கூடையை வாசல் வேப்பமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். “டீச்சரே, அவிய கையெழுத்துதான் வேணுமா? அவிய ஆழ்கடலுக்குப் போயிருக்காவ. வர இன்னும் மூணு வாரம் ஆவும், போனும் கிடைக்காது.” மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் மகளின் பெயர் மூன்று விதம். “எது சரின்னு எனக்குத் தெரியல மக்களே. எது எழுதுனா அவளுக்குப் பின்னால தொந்தரவு வராதோ அத எழுதுங்க.”

அந்த அம்மாவை உட்கார வைத்து, மகளையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டு, பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுவது, ஆதாரை அதற்கேற்பத் திருத்திக்கொள்வது என்று மூன்று பேருமாக முடிவு செய்தோம். அம்மாவின் கையெழுத்தே போதும் என்று வைத்தேன். அன்று மாலையே ஹெச்.எம். சாரிடம், படிவத்தை வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு நாமே ஊருக்குப் போகலாமா என்று கேட்டேன். பங்குத்தந்தையிடம் பேசி சமூகக் கூடத்தை வாங்கினோம். வகுப்பாசிரியர்கள் இரண்டு பேர், நான், கிளார்க் அண்ணன், ஒரு மடிக்கணினி. மாலை ஆறு மணிக்கு மேல், மீன் வியாபாரமும் ஆலை வேலையும் முடிந்து அம்மாக்கள் வரும் நேரம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாக வாசிக்கும், அம்மாவோ அப்பாவோ சான்றிதழைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள், நாங்கள் திரையில் பார்ப்போம். பிறகு இரண்டு பேரும் கையெழுத்து. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஒரு சனிக்கிழமை.

இந்த வேலையிலிருந்து யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு. கண்ணால் சரிபார்ப்பதைவிட வாயால் வாசிப்பது பிழையைச் சீக்கிரம் பிடிக்கும். மெய்யெழுத்துப் புள்ளியும், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விடுபட்டதும் கண்ணுக்குத் தப்பும், காதுக்குத் தப்பாது. பிள்ளையின் கையெழுத்தையும் வாங்குங்கள். பதினைந்து வயதில் தன் பெயர் இதுதான் என்று அது சொல்லட்டும். ஆவணம் முரண்படுகிற பிள்ளைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டு, எந்த ஆவணத்தை நம்பினோம் என்பதைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது கேட்டால் அந்த வரிதான் பேசும்.

கோப்பு போன பிறகு சார் என்னை உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்டார். ஏன் மாலை நேரம்? கூடத்துக்கு வர முடியாத வீடுகளுக்கு என்ன செய்தீர்கள்? அப்புறம், “அடுத்த வருஷம் நீங்களும் இல்ல, நானும் இல்லன்னா இத யார் செய்வா?” அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் செய்முறையை ஒரு பக்கத்துக்கு எழுதி அந்தக் கோப்பின் முதல் தாளாகக் கட்டி வைத்தேன். ஒரு வேலையை முழுசாகத் தருவது, முடிந்ததும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசுவது, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பயிற்சி. முதலாவது மட்டும் நடந்தால் அது வேலைப் பகிர்வு. இரண்டாவது மட்டும் நடந்தால் அது அறிவுரை. என் ஒரு வருட அனுபவத்தில் இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன்.

மழை நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் பள்ளி திறக்கும்போதே ஒன்று, அக்டோபரிலிருந்து இன்னொன்று. ஆட்சியர் விடுமுறை விட்டால் பிரச்சினை இல்லை. மழையைப் பொறுத்துத் தலைமை ஆசிரியர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று சில நேரம் அறிவிப்பு வரும். அப்படி ஒரு நாளில் ஹெச்.எம். சார் நாகர்கோவிலில் கூட்டத்தில் இருந்தார். போனில் உதவித் தலைமை ஆசிரியரிடமும் என்னிடமும் பேசினார். “டீச்சர் விவரம் சேகரிச்சு முடிவ எழுதட்டும், நீங்க பாத்து ஒப்புதல் குடுங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் அவரிடம்.

உடனே அனுப்பிவிடலாம் என்பதுதான் ஸ்டாஃப் ரூமின் ஒருமித்த குரல். நியாயமும் இருந்தது, பேருந்துகள் குறைந்துகொண்டிருந்தன. நான் வகுப்பு வகுப்பாகப் போய் ஒரே கேள்வி கேட்டேன்: இப்போது வீட்டுக்குப் போனால் கதவு திறக்க ஆள் இருக்கிறதா? முந்திரி ஆலைக்குப் போன அம்மாக்கள் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வருவார்கள். சின்ன வகுப்புகளில் கணிசமான பிள்ளைகளின் வீடு பூட்டிக் கிடந்தது. சத்துணவு ஏற்கெனவே அடுப்பில். மதியம் சாப்பாடு போட்டு, குளத்தங்கரை வழியாக நடந்து போகிற பிள்ளைகளை ஆசிரியர்கள் துணையோடு முதலில் அனுப்புவது, வீடு பூட்டியிருக்கும் பிள்ளைகளைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டு தாய்மார் வந்ததும் அனுப்புவது என்று எழுதினேன். உதவித் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பிள்ளை போகும்போது ஐந்தரை தாண்டிவிட்டது. அதுவரை கூட இருந்த ஆசிரியைகள் நான்கு பேரின் பெயரையும் மறுநாள் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் சார் வாசித்தார்.

அந்த நாளிலிருந்து ஒரு நடைமுறை விஷயம். பயிற்சியில் இருப்பவருக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. ஹெச்.எம். இல்லாத நேரத்தில் பொறுப்பு எழுத்து மூலம் யாரிடம் இருக்கிறதோ அவர் கையெழுத்து இல்லாமல் எதையும் செய்யாதீர்கள். முடிவை நீங்கள் உருவாக்கலாம், ஆணை அவருடையது. பயிற்சி தொடங்கும் நாளிலேயே, எதைச் செய்யலாம், எதில் கைவைக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. காசோலை, பணிப்பதிவேடு, ஒழுங்கு நடவடிக்கை ஆகிய மூன்றும் என் தாளில் ‘பார்க்கலாம், தொடக் கூடாது’ வரிசையில் இருந்தன.

பணக் கணக்கைக் கிளார்க் அண்ணனிடம் கற்றேன். ரொக்கப் பதிவேட்டை அன்றன்றைக்கு முடிப்பது, பற்றுச்சீட்டு எண் விடுபடாமல் இருப்பது, வெற்றுக் காசோலையில் ஒருபோதும் கையெழுத்திடாதது. இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்து கற்காத எந்த ஆசிரியருக்கும் தணிக்கைக் குழு வரும் நாள் கஷ்டமான நாள்தான்.

உதவி பெறும் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு ஆகஸ்ட் 1 என்றாலே வயிற்றில் ஒரு கலக்கம். அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயமாகின்றன. கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஒரு ஆசிரியர். குழந்தைப் பிறப்பு குறைந்து, ஆங்கிலவழித் தனியார் பள்ளி வேன்கள் ஊர் ஊராகச் சுற்றும் எங்கள் மாவட்டத்தில் எண்ணிக்கை வருடா வருடம் இறங்குகிறது. உபரி என்று பெயர் வந்தால் ஒரு சக ஆசிரியர் போக வேண்டும். வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் வைத்திருக்கச் சொல்லி நெருக்கடி வருவது இந்த இடத்தில்தான். ஹெச்.எம். சார் இதில் கல் மாதிரி இருந்தார். ஜூலைக் கடைசியில் தொடர்ந்து வராத பிள்ளைகளின் பட்டியலை என்னிடம் கொடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆசிரியரோடு போகச் சொன்னார். சிலர் வேறு பள்ளியில் சேர்ந்திருந்தார்கள், அவர்களை நீக்கினோம். இரண்டு பேர் வீட்டுச் சூழலால் நின்றிருந்தார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டி வந்தோம். எண்ணிக்கை எப்படியும் குறைந்தது. அந்தப் பட்டியலில் சார் கையெழுத்துப் போட்டபோது ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. ஒரு தலைமை ஆசிரியர் தன் ஆட்களுக்குப் பிடிக்காத ஒன்றை நேர்மையாகச் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கு ஈடான வகுப்பு கிடையாது.

இன்னொன்றை அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். பாலியல் தொல்லை என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால், பள்ளிக்குள் விசாரித்துப் பேசி முடிப்பது என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் பள்ளிப் பொறுப்பில் இருப்பவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணையும், கல்வித் துறையின் 14417 உதவி எண்ணையும் ஒவ்வொரு வகுப்பறையிலும், கழிப்பறைக்குப் போகும் வழியிலும் எழுத வைத்திருந்தார். “நிர்வாகத்துக்குப் பேர் கெட்டுரும்னு யாராவது சொல்லுவாங்க. அப்பவும் போனை எடுக்கணும்” என்றார். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர் இதைத் தேவை வந்த பிறகு அல்ல, முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஆட்களை நடத்துவதில் நான் பெரும்பாலும் பார்வையாளர்தான். தாமதமாக வரும் ஓர் ஆசிரியரிடம் சார் முதலில் பேசினார். மார்த்தாண்டம் நெரிசலில் அவர் பேருந்து மாட்டுவது தெரிந்ததும் முதல் பீரியடை வேறொருவரோடு மாற்றிக் கொடுத்தார். இன்னொருவருக்குப் பேசிப் பலன் இல்லை. எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். இரண்டுமே மாலையில், தனியாக. ஸ்டாஃப் ரூம் காதில் ஒன்றும் விழவில்லை.

பயிற்சிக் காலத்தில் வெளியே இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடி வாசித்தேன். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி முதல்வர் ஆக விரும்பும் ஆசிரியர் படிப்போடு சேர்த்துக் களப்பயிற்சியும் முடிக்க வேண்டும். அங்கே 2018இல் வந்த கல்வித் தலைமைத் தயாரிப்புத் தரநிலைகள் குறைந்தது ஆறு மாதம், வாரத்துக்கு 10 முதல் 15 மணி நேரம் என்று கேட்கின்றன. சிங்கப்பூரில் முதல்வர் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குத் தேசியக் கல்வி நிறுவனத்தில் பல மாத முழுநேரப் பயிற்சி. இங்கிலாந்தில் 1997இல் தலைமை ஆசிரியருக்கென்று ஒரு தேசியத் தகுதியைக் கொண்டுவந்தார்கள், 2009இல் கட்டாயமாக்கினார்கள், 2012இல் கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். நம் நாட்டில் டில்லியிலுள்ள கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தில் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் 2012 முதல் இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை பள்ளித் தலைவர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி என்கிறது. நல்லதுதான். ஆனால் இவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களுக்கு. பதவிக்கு வரும் முன்பு, ஓடிக்கொண்டிருக்கும் பள்ளியில், உண்மையான கோப்போடு ஒரு வருடம் என்பது நம்மிடம் முறையாக இல்லை. அமெரிக்காவிலும் களப்பயிற்சி ஆசிரியரைப் பேருந்து ஏற்றி இறக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு மணிக்கணக்கு எழுதுகிறார்கள் என்ற புகார் இருந்திருக்கிறது. என் சக ஆசிரியருக்கு எமிஸில் நடந்ததும் அதுதான். மணி நேரத்தைக் கூட்டுவதால் மட்டும் சரியாகாது.

நிர்வாகங்கள் யோசிக்க வேண்டியது பாடவேளை. எனக்கு வாரத்தில் இரண்டு நாள் தந்தார்கள், அந்த இரண்டு நாளின் வகுப்புகளைச் சக ஆசிரியர்கள் சுமந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் செய்முறைப் பயிற்சியைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டினேன். குமரி மாவட்டத்தில் சனிக்கிழமையும் நம் கையில் இல்லை; கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, நவம்பர் 1 மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள் என்று ஒவ்வொரு உள்ளூர் விடுமுறைக்கும் ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகிவிடும். பயிற்சிக்கு ஆளை அனுப்புகிற நிர்வாகம், அந்த ஆசிரியருக்கு ஒரு பகுதிநேரப் பதிலியாவது போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் போக யாரும் முன்வர மாட்டார்கள், அனுப்பி வைக்கவும் சக ஆசிரியர்களுக்கு மனம் வராது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பள்ளிகளில் ஆசிரியர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பதவி உயர்வு வரும்போது ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்த திறமையான டீச்சர்கள் சிலரை எனக்குத் தெரியும். வீடு, மாமியார் உடல்நிலை, பிள்ளைகளின் பொதுத் தேர்வு என்று காரணங்கள் உண்மைதான். ஆனால் பேசிப் பார்த்தால், அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாத பயமும் பாதி இருக்கிறது. அறிமுகமில்லாத ஆண்கள் சத்தம் போட்டால் என்ன செய்வது, ஒப்பந்தக்காரரோடு எப்படிப் பேசுவது என்பதுதான் அவர்கள் மெல்லக் கேட்ட கேள்விகள். ஒரு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தால் அந்தப் பயத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். எனக்குக் கரைந்தது.

இப்போது நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியை. வரும் ஜூனில் எங்கள் நிர்வாகத்தின் இன்னொரு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார். அவருக்காக இப்போதே மூன்று கோப்புகளை எடுத்து வைத்திருக்கிறேன்: ஆகஸ்ட் 1 எண்ணிக்கைக்கான வீட்டுச் சந்திப்புகள், பத்தாம் வகுப்பு பெயர்ப் பட்டியல், பள்ளி மேலாண்மைக் குழுவின் ஓர் ஆண்டுக் கூட்டங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் பள்ளியில் அவர்கள் வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், பேசுவதில்லை. அதை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த டீச்சர் வந்ததும் முதலில் அவரிடம்தான் கேட்கப் போகிறேன்.